ஒரே வீட்டுக்கு மூன்று பெயர்

ஷார்ஜாவில் நான் இருக்கும் கட்டடத்து லிஃப்ட் பேசும். உள்ளே நான் ஒருவன்தான் நின்றாலும், எந்த மாடி என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கும். போன மாதம் போனில் ஏற்றிய திரைக்கதை ஆப்பும் அப்படித்தான். ஒவ்வொரு சீனுக்கும் முதலில் உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று கேட்கும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது பிடித்துப்போனது. ஒரு பட்டனைத் தட்டியதும் இருபது சீனும் இடம் வாரியாக வரிசை கட்டின. அம்மா மண்டபம் படித்துறை நாலு, லால்குடி பஸ் இரண்டு, ஷார்ஜா ரூம் ஆறு. சந்தோஷத்தில் துள்ளி எழுந்ததில் மேல் கட்டிலில் தலை இடித்தது. "ஊருக்கு டிக்கெட் கிடைச்சிடுச்சா?" என்று பக்கத்துக் கட்டில் நேபாளி இந்தியில் கேட்டார்.

படம் அம்மாவைப் பற்றியது. அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு லீவு கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரியமங்கலத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலி செய்தாக வேண்டும். அதற்குள் வீட்டு சீன்களைக் கூட்டாளி ரஃபீக் அங்கே தன் போனில் எடுப்பதாகவும், என் ரூம் சீன்களை நான் இங்கே எடுப்பதாகவும் பேச்சு. அம்மாவாக நடிப்பது அவனுடைய பெரியம்மா. "வீடு" என்ற தலைப்பில் வந்த ஐந்து சீனை அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிட்டான். "அஞ்சும் முடிஞ்சுதுடா. சாமானை வண்டில ஏத்திடவா?"

எதற்கும் ஒரு தடவை பட்டியலைப் பார்த்தேன். மேலே "அம்மா வீடு" ஒன்று, "எங்க வீடு" இரண்டு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி டைப் அடித்திருக்கிறேன். ஆப் அதை மூன்று இடமாக எடுத்துக்கொண்டது.

"டேய், இருடா. இன்னும் மூணு சீன் அங்கதான்."

"வாடகை வீட்ல இருந்தவனுக்கு எத்தன வீடுடா? பெரியம்மா செருப்பே மாட்டிட்டாங்க."

பெரியம்மா போனை வாங்கினார். "என்ன சீனு தம்பி அது?"

"அம்மா அடுப்படில நின்னு எனக்கு போன் பேசுறதுங்க. கடைசியாப் பேசுனது. வேலையா இருக்கேன்னு நான் பாதியில வச்சிட்டேன்."

அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "ரஃபீக்கு, அடுப்ப எடுக்காத" என்றார். "நீ வச்சப்புறம் நான் என்ன பண்ணணும் தம்பி?"

"நான் போனை வச்சதோட சீன் முடிஞ்சிடுதுங்க."

"சரி, நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் வீடியோ வந்தது. போன் கட்டான பிறகும் பெரியம்மா அதைக் காதிலேயே வைத்திருக்கிறார். பிறகு முந்தானையில் திரையைத் துடைத்து, அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, தீயைக் குறைத்துக் குழம்பைக் கிண்டுகிறார்.

அப்போது ரஃபீக் சாவியைக் கொடுக்கக் கிளம்பியிருப்பான். நான் ஷார்ஜாவில் கட்டிலில் உட்கார்ந்து புதிதாக ஒரு சீன் திறந்தேன். உள்ளே, வீடு, பகல். நான் இல்லாத அந்த அடுப்படியில் அம்மா என்ன செய்தாள் என்று ஒவ்வொரு வரியாக டைப் அடிக்க ஆரம்பித்தேன்.