தண்ணி லாரி வில்மா

வில்மா டோர்சியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லு என்கிறார்கள். சொல்லலாம். ஆனால் ராய்ஸ் ஹெம்ப்பலைத் திட்டாமல் அவள் கதையைச் சொல்ல என்னால் முடியாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் தீயணைக்கச் சம்பள ஆள் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு வண்டி, கூப்பிட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிற பத்துப் பன்னிரண்டு முட்டாள்கள். அதில் நானும் ஒருத்தன், கஸ். தண்ணீர் லாரி ஓட்டுகிறவள் வில்மா. புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு பிழைப்புக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள், மாடு வளர்த்தாள். வாய் நிறையச் சூரியகாந்தி விதை வைத்துக்கொண்டு தொலியை லாரிக்குள்ளேயே துப்புவாள். பக்கத்தில் உட்கார்ந்து போகிற என் பூட்ஸெல்லாம் எச்சில். கேட்டால், "நடந்து வாயேன், யாரு வேணாம்னா?" என்பாள்.

ராய்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சியாட்டிலிலிருந்து வந்து மேட்டில் கண்ணாடி வீடு கட்டியவன். கீழே வேலிக்கு அந்தப் பக்கம் வில்மாவின் நிலம்.

அந்த ஆகஸ்டில் ஒருநாள், பொறி விழுந்தால் தீ பரவும் என்று செங்கொடி எச்சரிக்கை போட்டிருந்தார்கள். பேய்க்காற்று. ஈரம் பொட்டுகூட இல்லை. புல்லைப் பிடித்தால் கையிலேயே பொடியாகிறது. அப்படிப்பட்ட நாளில் புல்வெட்டும் எந்திரத்தைத் தொடவே கூடாது. தகடு கல்லில் உரசினால் ஒரு பொறி போதும். ரேடியோவில் விடிந்ததிலிருந்து கத்துகிறார்கள். போதாதென்று நானும் வில்மாவும் வீடுவீடாகப் போய்ச் சொன்னோம். ராய்ஸ் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான்.

"வீட்டச் சுத்திப் புல்ல ஒட்ட வெட்டுங்கன்னு நோட்டீஸ் குடுத்ததே நீங்கதானே?"

"நாங்கதான். விடியக்காலையில வெட்டுங்க. இன்னிக்கு வேண்டவே வேண்டாம்," என்றாள் வில்மா.

"அய்யோ, நான் காலையில எந்திரிக்கிற ஆளே இல்லீங்க!" என்று சிரித்தான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். நெருப்பிலிருந்து வீட்டைக் காப்பாற்றுகிறானாம்! கீழ்வேலி ஓரம் தகடு கல்லில் அடித்தது. புகை கிளம்பியதும் ஐயா என்ன செய்தார்? எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்துவிட்டார். எங்களுக்கு ஒரு போன் கிடையாது. ரோட்டில் போன யாரோதான் புகையைப் பார்த்துச் சொன்னார்கள்.

எங்கள் இன்னொரு வண்டி ஆட்களோடு வேறொரு நெருப்புக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது தண்ணீர் லாரியும் நாங்கள் இரண்டு பேரும்தான். நாங்கள் போவதற்குள் நெருப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்று மேட்டில் ஏறி ராய்ஸ் வீட்டைப் பார்த்துப் போகிறது. இன்னொன்று காற்றோடு சேர்ந்து வில்மாவின் கொட்டகையைப் பார்த்துப் போகிறது. கொட்டகைக்குள் உலர்ந்த புல்கட்டுகள், குளிர்காலம் முழுக்க மாடுகளுக்குத் தீனி. போன வாரம்தான் அடுக்கி முடித்திருந்தாள். பனி விழுந்தபிறகு எங்கள் பக்கம் மாடு மேய ஒரு புல் கிடைக்காது. அந்தக் கட்டுகள் போனால் மாடுகளும் போயின.

பாதை பிரிகிற இடத்தில் லாரி நின்றது. ஒரு இடத்துக்குத்தான் தண்ணீர் காணும்.

"இடது பக்கம் திருப்பு வில்மா! உன் கொட்டகைக்குப் போ!" என்று கத்தினேன்.

"வீட்டுக்குள்ள அவன் இருந்தா?"

"இருந்தா வேகட்டும்!"

"வாய மூடு கஸ்," என்று தொலியைத் துப்பிவிட்டு வலது பக்கம் திருப்பினாள்.

வீட்டில் ஒரு ஈ எறும்பு இல்லை. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கியதுதான் மிச்சம். வந்தது வந்தோம் என்று வீட்டைக் காப்பாற்றினோம், ஒரு கண்ணாடியில்கூட விரிசல் விழவில்லை. கீழே கொட்டகை எரிகிற சத்தம் மேடுவரைக்கும் கேட்டது. வில்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. குழாயைப் பிடித்தபடி கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நின்றால் அழுதுவிடுவாளோ என்னவோ.

ஒரு நன்றி? ஒரு மன்னிப்பு? தூ! எங்கள் தீயணைப்புக் கொட்டகையில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு வந்தான் ராய்ஸ். லாரிச் சக்கரம் புல்தரையில் பள்ளம் பறித்துவிட்டதாம், யார் சரிபண்ணித் தருவீர்கள் என்று கேட்டான். நான் எழுந்தேன், வில்மாதான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

முதல் பனிக்கு முன்னால் சந்தை லாரி வந்தது. மாடுகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தட்டித்தான் ஏற்றினாள் வில்மா. பாதி ஏற்றும்போது ராய்ஸ் காரை நிறுத்திவிட்டு வேலியில் சாய்ந்தான்.

"விக்கிறீங்களாமே? எனக்கு ஒரு அரை மாடு வெட்டித் தாங்களேன், ஃப்ரீசர் காலியாத்தான் கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரன், பாத்துப் போட்டுக் குடுங்க."

வில்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தர முடியாது. தண்ணி லாரி ஓட்டறதையும் இன்னியோட விட்டுட்டேன். ஊர விட்டே போறேன்."

அவன் முகம் அப்போதுதான் மாறியது. "அப்ப எங்க வீடு பத்திக்கிட்டா யாருங்க வருவா?"

"கஸ் வருவான்."

"நான் வரமாட்டேன்!" என்று அவன் மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன்.

வந்துதான் தொலைப்பேன். அவனுக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனான்.