கட்டைவிரல் பதிந்த குழி

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால், நல்ல உடம்பில் தோல் உடனே எழும்பிவிடும். அந்த அம்மாவுக்கு எழும்பவில்லை. விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

யுத்த காலம், அரிசிக்குத் தட்டுப்பாடு. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நான் நர்ஸ். எந்த நோய்க்கு வந்தவரானாலும் முதலில் காலை அழுத்திப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் டாக்டரம்மாவின் கண்டிப்பு. பட்டினி எல்லோரையும் வற்ற வைக்காது, சிலரை வீங்கவும் வைக்கும் என்பார்.

சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் அந்த அம்மா காய்ச்சலுக்கு வந்தவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒற்றை ஆளுக்கு எதற்கு உலை வைப்பது என்று மாதக்கணக்கில் நீராகாரத்திலேயே ஓட்டியிருக்கிறார். முகமும் காலும் ஊதியிருந்தன. ஒரே உறவான தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நல்லா பூசினாப்புல ஆயிட்ட! இனி என்ன கவலை? வாரேன்" என்று கிளம்பிவிட்டார். அடப்பாவி மனுஷா என்று எனக்கு வாய்வரை வந்தது. அந்த அம்மாவோ அவர் போன வழியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டரம்மா பாலும் முட்டையும் பருப்புச் சோறும் கொடுக்கச் சொன்னார். தட்டு வைத்தபடியே திரும்பியது. "ஒத்தையா உக்காந்து தின்னா தொண்டையில எறங்க மாட்டேங்குது தாயி" என்றார் அந்த அம்மா. நானும் ஊர் விட்டு வந்த ஒற்றைக்கட்டைதானே! என் தூக்குச்சட்டியை எடுத்துப்போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். "அதென்ன, கோழி கொத்துற மாதிரி? நல்லா அள்ளித் தின்னு" என்று என்னை அதட்டிக்கொண்டே அவரும் தின்றார். மதுரைக்கு வந்தபின் அந்த நாட்களில்தான் எனக்கும் சோறு ருசித்தது.

வீக்கம் வடிந்தது. வடிந்ததும் உள்ளே ஒளிந்திருந்த எலும்பெல்லாம் தெரிந்தது. மறுபடி வந்த தம்பி வார்டே அதிரக் கத்தினார்.

"எங்கக்காளை இம்புட்டு எளைக்க வச்சுட்டீகளே! பட்டினியா போட்டீக?"

"அது சதை இல்லண்ணே, வெறும் வீக்கம். இப்பத்தான் தேறி வாராக. இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைங்க" என்று கெஞ்சினேன். டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. அன்றே அழைத்துப் போய்விட்டார். வாசலில் அந்த அம்மா திரும்பி, "மத்தியானம் யாரு கூட உக்காருவ?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் ஒரு சேதியும் வரவில்லை.

இப்போது விளாங்குடியில் தனியாக இருக்கிறேன். ஒற்றைக் கிழவிக்கு எதற்குச் சமையல் என்று காபியும் பன்னுமாகப் பொழுது போகிறது. நேற்று பக்கத்து வீட்டுப் பெண், "அம்மா, முகம் பூசினாப்புல நல்லா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.

குழி நின்றது.

எழுந்துபோய் உலை வைத்தேன். சோறு வெந்ததும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கவளமே தொண்டையில் நின்றுவிட்டது. அதட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை.