கொழுப்பு அடங்கவில்லையாம்!

"உங்க வீட்டுக்காரருக்குக் கொழுப்பு அடங்கலைக்கா."

போன வியாழக்கிழமை, பெங்களூரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் பெண் என்னிடம் சொன்னது இது. இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான்... அதற்காக வெளி ஆள் சொன்னால் கூச்சமாக இருக்காதா?

விஷயம் இதுதான். என் கணவருக்குக் கொஞ்ச நாளாக இடுப்பு வலி. சுரங்கத்தில் அடிபட்டு, தொடை எலும்பில் ஸ்டீல் பிளேட் வைத்தவர். இப்போது பெங்களூரில் வாட்ச்மேன். முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், பிளேட் பக்கத்தில் எலும்புக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டர் முகம் மாறிவிட்டது.

"இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம். இன்னொரு தடவை எடுத்துடுங்க."

அந்த 'வேற ஏதாவது' என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்து நாள் அதை மனதில் போட்டுக்கொண்டேதான் சமைத்தேன்.

பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பெண்ணிடம் கேட்கத்தான் தைரியம் வந்தது. "அடங்கலைன்னா இன்னாம்மா?"

"எலும்புக்குள்ள கொழுப்பு இருக்குக்கா. படத்துல அதுவும் வெள்ளை, வீக்கத்து நீரும் வெள்ளை. ஆனா ரெண்டும் ஒரே வேகத்துல துடிக்காது. கெமிக்கல் ஷிஃப்ட்னு சொல்லுவோம். அந்த வித்தியாசத்தை வச்சு கொழுப்பை மட்டும் அடக்கிட்டு எடுப்போம். ஸ்டீல் பக்கத்துல அந்தக் கணக்கு தப்பிடும், கொழுப்பு அடங்காம வெள்ளையாவே நிக்கும்."

ஷிஃப்ட் என்றதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "சுரங்கத்துல ஒரு ஷிஃப்ட் ஆளுங்க கேஜ் லிஃப்ட்ல ஏறி மேல போய்ட்டா, கீழ யார் மிச்சம்னு தெரிஞ்சிடும். அவ்ளோதானே?"

"கரெக்ட் அங்கிள்! உங்க ஷிஃப்ட்ல ஒருத்தன் ஸ்டீல் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டான்."

"அப்ப அவன் இவ தம்பியாதான் இருப்பான். வேலைன்னா ஒளியறதுல அவன மிஞ்ச முடியாது."

இவருக்கா கொழுப்பு அடங்கும்?

இந்த முறை வேறு வழி. வேகத்தைப் பார்க்காமல், கொழுப்பின் சிக்னல் ஒன்றுமில்லாமல் போகும் நொடியைப் பிடித்து எடுப்பார்களாம். முக்கால் மணி நேரம் உள்ளே மெஷின் தட்டியது. வெளியே நான். நோயைப் பார்க்க, நோயில்லாததன் வாயை முதலில் அடைக்க வேண்டியிருக்கிறது — வீட்டுச் சண்டைகளுக்கும் இப்படி ஒரு மெஷின் இருந்தால்?

மறுநாள் டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "திட்டே இல்லைங்க. எலும்பு சுத்தமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. இவர் மட்டும், "அப்ப வலி ஏன் சார்?" என்றார்.

"ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்க, போய்டும்."

எலும்பு சுத்தமாக இருக்கிற ஆளுக்கு எவன் லீவு கொடுப்பான்?