ஒற்றைக் கைக் கோட்டு

எங்கள் தெருத் தையல்காரரை 'அரைத்தையல்' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது; அது ரேஷன் அட்டையோடு சரி. கைக்குழந்தைக்கு அளவு கொடுத்தால், அந்தக் குழந்தை மீசையோடு வந்து சட்டையை வாங்கிப் போகும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், மீசை அப்படியே நிற்கும்.

போர் வந்தது. ஆள் குள்ளம் என்பதால் குண்டுவீச்சு விமானத்தின் வாலில், துப்பாக்கிக்காரர் இருக்கையில் அவரைத் திணித்தார்கள். மற்றவர்கள் போகிற திசையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் வீட்டுப் பக்கம் பார்த்தபடியே போவார்.

அந்த விமானத்து ஆட்களிடம் ஒரு வழக்கம். ஆளுக்கொரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அதை முடிக்கவாவது திரும்பி வந்தாக வேண்டும் அல்லவா. விமானி பாதி ரொட்டியை வைத்துவிட்டுப் போவார். ரேடியோக்காரர் ஒரு கன்னத்தை மட்டும் மழித்திருப்பார். நம்மவருக்கோ இது பிறவியிலேயே வந்த வித்தை. மைத்துனனின் கல்யாணக் கோட்டைக் கையோடு முகாமுக்குக் கொண்டு போயிருந்தார். இருபத்திரண்டு முறை பறந்து வந்தும் கோட்டுக்கு ஒரு கைதான் முளைத்திருந்தது.

அடுத்த முறை விமானம் கடலில் விழுந்தது. மூன்று நாள் படகுகளில் தேடினார்கள். ஒரு பொத்தான்கூட அகப்படவில்லை.

முகாமில் அவர் விட்டுப்போன பெட்டியும் ஒரு தாளுமாக அதிகாரி வந்தார்.

"அம்மா, இறந்துட்டார்னு இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

அவர் மனைவி பெட்டியைத் திறந்து கோட்டை உதறினாள். "வேலை பாதியில நிக்குதே. முடிக்காமப் போற ஆளா அவர்?"

"என்னைக்கும்மா முடிச்சார்? என் கால்சட்டை ஆறு வருஷமா அவர்கிட்டதான் கிடக்கு," என்றார் வாசலில் நின்ற தபால்காரர்.

"அப்போ அதுக்கும் சேர்த்து வரணும்ல."

அதிகாரி தாளை மடித்துக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியும் நூலுமாக வந்தார். "ஒரு மணி நேர வேலைம்மா. கையை வெச்சுக் குடுத்துடறேன்."

அவள் கோட்டை மடியோடு இறுக்கிக்கொண்டாள். "நீங்க முடிச்சுட்டா அவர் எதுக்கு வரணும்?"

மாப்பிள்ளையாகப் போகும் அவள் தம்பி கை நீட்டினான். "குடுக்கா. இப்படியே போட்டுக்கறேன்."

கல்யாணத்தன்று பெண்ணின் பெரியப்பா அவனைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, துணி பத்தலையா?"

"துணி இருக்கு மாமா. அத்தான் வந்துதான் வெக்கணும்."

புகைப்படக்காரர் அவனுடைய கோட்டில்லாத கையைப் பெண்ணுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினார். அக்கா போய் அதை முன்னால் இழுத்துவிட்டாள்.

"மறைக்காதீங்க. எங்க விட்டோம்னு அவருக்குத் தெரியணும்."