ஷகிலா அக்கா முடிவு சொல்லாமல் போன புத்தகங்கள்

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் நம் ஊரில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. "ஷகிலா அக்கா மௌத்தாயிட்டாங்களாம்" என்று நம் வாட்ஸப் குழுவில் உங்களில் யாரோ எழுதியிருந்தீர்கள். விடியற்காலைத் தொழுகை முடித்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தாராம், உயிர் போய்விட்டதாம். நான் அதைப் பார்க்கும்போதே பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நாங்கள் இருக்கும் வேங்கிக்காலில் ஒரு ஆட்டோகூடக் கிடைக்கவில்லை. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். மலை சுற்ற வந்தவர்களை விலக்கி விலக்கி நடந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டை நான் அடைந்தபோது, மதியத் தொழுகையோடு அவரை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அன்று கூட்டத்தின் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைக்கும் நாம், செங்கம் ரோடு விடுதி மாடியில் சனிக்கிழமை தோறும் கூடுகிறோமே, அங்கே கணக்குக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று யாருக்குக் குழப்பம் வந்தாலும் அவரைத்தான் கேட்டோம். கணக்கில் முதுகலை படித்தவர். பதிப்பகங்கள் அனுப்பும் கணக்குப் புத்தகங்களின் விடைப் பக்கங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது அவர் வேலை. உள்நாட்டுப் புத்தகம், வெளிநாட்டுப் புத்தகம் எல்லாமே அவருக்குப் பின்பக்கத்திலிருந்து பழக்கம்.

அவர் சிபாரிசு செய்த எந்தப் புத்தகமும் நம் கைக்கு முழுதாக வந்ததில்லை. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து விடைப் பக்கங்களை நறுக்கிக்கொண்டுதான் கொடுப்பார். விடை பார்க்க வேண்டுமானால் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு தடவை, சென்னையிலிருந்து வந்து குடியேறிய ஒரு அப்பா துடித்துப்போனார். "மேடம், புதுப் புத்தகங்க! ஏங்க வெட்றீங்க?" அக்கா நிமிரவே இல்லை. "பின்னாடி விடை இருந்தா பிள்ளை புத்தகத்த நம்பும். இல்லாட்டி தன்னைத் தானே நம்பும். உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க" என்றார். அந்த அப்பா வெட்டிய புத்தகத்தையே வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள் நான் சிரித்துக்கொண்டேன். அடுத்தது என் முறை என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் மகள் இனியாவுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் மளிகைக் கடையில், "பத்தொம்போது ரூபா பிஸ்கட் ஆறு பாக்கெட்" என்று நான் சொல்லி வாய் மூடும் முன், கண்ணை மூடிக்கொண்டு, "நூத்திப் பதினாலு" என்றாள். எப்படி என்று கேட்டேன். "ஆறு இருபது நூத்தியிருபதுமா. அதுல ஆறு போயிடுச்சு." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளியில் இப்படி முந்திக்கொண்டு முடித்ததற்காக மேசையில் தலை கவிழ்ந்து படுக்கச் சொன்னார்கள். படுத்துப் படுத்து, காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளியை நிறுத்தினோம்.

வீட்டில் இரண்டு கட்சி. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவருக்கு, இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் ஓட்டிவிடும் புத்தகத்தின் மேல் ஆசை. எனக்கு, பக்கத்துக்கு இரண்டே கணக்கு வைத்து, யோசி யோசி என்று நிறுத்தும் புத்தகத்தின் மேல். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

வந்தவர் வழக்கம்போல் இரண்டிலும் விடைப் பக்கங்களை நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்; மற்றபடி புத்தகங்களைப் புரட்டவே இல்லை. இனியாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "புத்தகத்த அப்புறம் பாக்கலாம் ரேவதி. மொதல்ல கொழந்த கையப் பாரு. பென்சில் எங்க நிக்குதுன்னு பாரு. நிக்கற எடத்துலதான் விஷயம் இருக்கு" என்றார். அவர் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண் இமைக்காது. டீ ஆறிப் போகும். யாருக்கும் ஒரே அமர்வில் முடிவு சொல்லிவிடும் மனிதர், அன்று, "இன்னொரு நாள் வர்றேன்" என்று எழுந்து போனார். இன்னொரு நாள் வந்தார். அப்போதும் சொல்லவில்லை. அதற்கடுத்த முறை கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டாமல் நின்றார்.

"ஒம்பொண்ணு கண்ண மூடிக்கிட்டுக் கூட்டறா இல்ல? இம்ரானும் இப்படித்தான்மா கூட்டுவான்."

இம்ரான் அவருடைய ஒரே மகன். மாமாவின் மெத்தைக் கடையில் கல்லாவில் உட்காருகிறவன். அவனுக்குக் கணக்கு வரும் என்பதே எனக்குப் புதிய செய்தி.

"ஜாஸ்தி வேகம். நான் வேகமான புத்தகமாவே குடுத்தேன். ஓடினான். ஒருநாள் நின்னுட்டான். பயந்துபோய் மெதுவானத மாத்திக் குடுத்தேன். அதையும் மூடி வச்சுட்டான். பன்னெண்டு வயசு. அதோட சரி. இன்னிக்கு ரெண்டு தலகாணி வித்தாக்கூட கால்குலேட்டரத் தட்டறான். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்ச அடைக்குது. ரெண்டும் தப்புன்னா, மூணாவதா ஒரு புத்தகம் இருந்திருக்கணும் இல்ல? அத நான் கண்டுபிடிக்கல. ஒனக்காவது சரியாச் சொல்லணும்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். என் மகளும் ஒருநாள் அப்படிப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாளோ என்ற பயம் அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு இனியா பென்சில் எடுத்தாலே நானும் பக்கத்தில் போய் உட்காருவேன், அக்கா சொல்லிக் கொடுத்தபடி கையைப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை சாயங்காலம், அதாவது அவர் போவதற்கு முந்தின நாள், ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "ரேவதி, திங்கக்கெழம வர்றேன். ரெண்டு புத்தகத்தையும் எடுத்து வை. இந்தத் தடவ சொல்லிடறேன்." பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. அவ்வளவுதான் செய்தி. என்ன சொல்ல இருந்தார்? எதையாவது கண்டுபிடித்துவிட்டாரா, அல்லது என் நச்சரிப்புத் தாங்காமல் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாரா? எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை இரண்டு புத்தகங்களையும் மேசையில் எடுத்து வைத்தேன். நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். முந்தின நாள் அவர் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தவள்தானே நான். ஆனாலும் கேட் திறக்கும் சத்தம் கேட்டபோது வாசலுக்கு ஓடினேன். தண்ணீர் கேன் போடுகிறவர். இனியா அந்த நாற்காலியையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா, ஆன்ட்டி பாக்கற மாதிரியே இருக்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று அவள் ஒரு கணக்கும் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. வாரக்கணக்கில் அவள் பென்சிலைத் தொடவில்லை, நானும் அந்த நாற்காலியை நகர்த்தவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தபின் இம்ரான் நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தான், நினைவிருக்கும். அம்மா நறுக்கி வைத்திருந்த விடைப் பக்கங்களை உரையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் வீட்டில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தான். நான் டீ போட உள்ளே போனேன். கூடத்தில் இனியா பேச்சுக் கொடுப்பது கேட்டது.

"அண்ணா, முப்பத்தேழும் முப்பத்தேழும் பெருக்கினா எவ்ளோ, சொல்லுங்க பாப்போம்."

"ஆயிரத்து முந்நூத்தி அறுபத்தொம்போது" என்றான். யோசிக்கிற நேரம்கூட இல்லை. கையில் பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"எப்படிப் போட்டீங்க?"

"நாப்பதையும் முப்பத்திநாலையும் பெருக்கிட்டேன். ஆயிரத்து முந்நூத்தி அறுபது. ஒரு ஒம்போதச் சேத்தேன். அவ்ளோதான்."

இனியா முணுமுணுத்துக்கொண்டே போட்டுப் பார்க்கிறாள். பிறகு, "அப்ப கடையில ஏன் மிஷின் தட்றீங்க? ஆன்ட்டி சொன்னாங்க, ஒங்களுக்குக் கணக்கு பிடிக்காதுன்னு."

"பிடிக்கும் பாப்பா. ராவுல படுத்துக்கிட்டு மனசுக்குள்ளயே போட்டுட்டிருப்பேன். யாராச்சும் பாத்துட்டே இருந்தாதான் பிடிக்காது."

டீயோடு நான் வெளியே வந்தபோது அவன் எழுந்து நின்றான். நான் கேட்டுவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அம்மாகிட்டச் சொல்லிக்கலாம் சொல்லிக்கலாம்னே இருந்துட்டேன் ஆன்ட்டி" என்றான். டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

இதை இங்கே எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுதுங்க என்றான். அக்காவைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாம் எல்லோருமே சனிக்கிழமை தோறும் எந்தப் புத்தகம், எந்தப் புத்தகம் என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு ஆசையாக ஒரு பிள்ளையைப் பார்த்த வேறொருவரை நான் கண்டதில்லை. அந்த ஆசையே மகனுக்குப் பாரமாக இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால், பாவம், தாங்கியிருப்பாரா, அல்லது நிம்மதிப்பட்டிருப்பாரா? தெரியாமல் போய்விட்டாரே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது இரண்டு புத்தகங்களும் இனியாவின் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அவள் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்; எதை எடுக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பார்வைதான். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டால் போதும், கழுத்து தானாகத் திரும்புகிறது. கண் அந்தக் கையைத் தேடுகிறது. எனக்குப் பின்னால் அவரும் நின்று பார்க்கிறார் என்று தோன்றுகிறது. அப்போதெல்லாம் நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். நேற்றும் போனேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, கீழே இனியா, கணக்கில் ஏதோ பிடிபட, தனக்குத் தானே கலகலவென்று சிரித்தாள். என்னவென்று தெரிந்துகொள்ள உயிர் துடித்தது. வாங்கக்கா, இங்கேயே நிற்கலாம் என்று சொல்லிவிட்டு, நான் இறங்கிப் போகவில்லை.