எனக்குத் தேவைப்படாத கம்பு

என் ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில், பழைய கேமராக்களுக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் கம்பு சாய்ந்து நிற்கிறது. கழுத்தளவு உயரம். தலையில் ஒரு பித்தளைத் தட்டு, தட்டின் நடுவே கால் இஞ்சு போல்ட், அடியில் கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் புஷ். கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சிலம்பமெல்லாம் சுத்துவீங்களா?" என்று கேட்பார்கள். அதுதான் மதுரையில் தயாரான முதல் மோனோபாட் என்று சொல்வேன். அதற்கு முன்னாடியே ஒருத்தர் வைத்திருந்தார் என்று யாராவது சொல்வதானால், என் எதிரில் வந்து சொல்லட்டும். கேமராவை மாட்டித் தரையில் ஊன்றுகிற அந்தக் கம்பை நாங்கள் ஒத்தக்கால் என்போம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் பருத்தி எடுத்த கை இது. இன்றைக்கு டவுனில் இரண்டு ஸ்டுடியோ, வில்லாபுரத்தில் சொந்த வீடு. எல்லாம் யாரும் கொடுத்ததில்லை, இந்தக் கை கொடுத்தது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் என் கை ஆடாது. இருட்டுக் கல்யாண வீட்டில் அரை செகண்டு ஷட்டரைத் திறந்து, கேமராவைக் கையிலேயே பிடித்துப் படம் எடுப்பேன். பெரிதாகப் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளையின் மீசை முடி தனித்தனியாகத் தெரியும். தொழில்காரர்கள் எனக்கு வைத்த பேரே சிமிண்டுக் கை. எதிரில் கிண்டலாகச் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள்.

மச்சான் என்று இங்கே நான் எழுதுவது என் மனைவியின் அண்ணனை. அவருக்கும் போட்டோத் தொழில்தான். உசிலம்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ. மாட்டுச்சந்தைக்கு வருகிற சம்சாரிகள் காளையை விற்பதற்கு முன்னால் அதனோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள அவரிடம்தான் வருவார்கள். அழுகிற குழந்தையையும் முறைக்கிற கிழவரையும் சிரிக்க வைத்துப் படம் எடுக்கிற வாய் அவருக்கு. பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. குடி சுத்தமாகக் கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், கலர் பிலிம் எங்கள் ஊருக்கு இன்னும் சரியாக வந்து சேராத காலத்தில், அவரிடம் ஒரு புதுப் பழக்கம் கண்டேன். நிற்கிற இடமெல்லாம் சாய்ந்தே நிற்பார். தூண் இருந்தால் தூண், வாசல் இருந்தால் கதவு நிலை. வெளியில் என்றால் மதில் மேல் ஒரு துணிப்பையைப் போடுவார். பைக்குள் புளியங்கொட்டை. அதன்மேல் கேமராவை வைத்து அமுக்கினால் மெத்தையில் பிள்ளை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சாய எதுவுமே இல்லையென்றால் கேமராவின் அடியிலிருந்து ஒரு கயிறு தொங்கும். மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுப்பார். கயிறு விறைத்ததும் அமுக்குவார். எல்லாமே நல்ல உத்திதான், இன்றைக்கும் செல்லும். ஆனால் கையால் பிடித்து எடுக்கத் தெரியாதவன் செய்கிற வேலை என்பது அன்றைக்கு என் எண்ணம்.

திருப்பரங்குன்றத்தில் உறவுக்காரர் கல்யாணம். இருவரும் கேமராவோடு போயிருந்தோம். கல் மண்டபத் தூணில் தோளை முட்டி நின்றவரைப் பார்த்து, நாலு பேர் கேட்கவே சொன்னேன்: "மச்சான், கல்யாணத்துக்கு வந்தீங்களா, தூணுக்கு முட்டுக் குடுக்க வந்தீங்களா?"

"நான் நகந்தா மண்டபம் சாஞ்சிரும் மாப்ள. பொண்ணு வீட்டுக்காரங்க பாவம்ல" என்றார் அசராமல்.

கொஞ்ச நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரோல் முடிந்திருந்தது. "இதை மாட்டிக் குடு மாப்ள, கண்ணு மங்குது." எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் மோதிரத்தில் என்ன கல் என்று சற்று முன்னால்தான் எனக்குச் சொன்னவர் அவர். பிலிம் சுருளின் காகித நுனியைச் சக்கரத்தின் இடுக்கில் நுழைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. "கண்ணா, கையா மச்சான்?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். ஓடுகிற டவுன் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி மாதிரி விரல்கள் அதிர்ந்தன.

"மடியில வச்சிருந்தா ஒண்ணும் இல்லை. எதையாவது தூக்கிப் பிடிச்சாத்தான் இம்புட்டும். டாக்டர் நரம்புக் கோளாறுன்னாரு, உயிருக்குப் பயமில்லைன்னாரு. உயிருக்கு இல்லை, சரி. ஊருக்கு யாரு சொல்றது?"

எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பளைக்குக் கை நடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த நேரத்தில் அவருடைய ஒரே மகளைப் பேரையூரில் ஒரு வீட்டுக்குக் கேட்டிருந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பிள்ளை. பையனின் அப்பா குடித்தே செத்தவர். குடிக்கிறவன் வீட்டில் மட்டும் பெண் எடுக்க மாட்டேன் என்று பையனின் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்னால் பையனின் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. "போட்டோவுக்கு வெளியாளு எதுக்கு, நீங்களே வந்து எடுங்க" என்று மச்சானுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் போனால் நாள் பூராவும் அத்தனை பேர் கண்ணும் அவர் கையில்தான் இருக்கும். ஃபிளாஷ் அடித்தால் ஆட்டம் தெரியாது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். படத்தில் தெரியாது. பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியுமே.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மூணுகால் ஸ்டாண்டு ஆகாது. மணவறைக்கு முன்னால் அதை விரித்தால் நாலு பேர் உட்காருகிற இடம் போய்விடும், பந்திக்கு ஓடுகிற பிள்ளைகள் இடறுவார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நகரவும் முடியாது. மூன்று காலில் இரண்டை மனுசனே வைத்திருக்கிறான், மூன்றாவதை மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்று எனக்குப் பட்டது. லேத் பட்டறைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து விரட்டி, ஒரே மத்தியானத்தில் செய்ய வைத்தேன். இதில் உள்ள நுணுக்கம் எல்லாம் நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. போல்ட் ஒரு நூல் நீளமாகிவிட்டால் கேமராவின் அடிவயிற்றைக் குத்திவிடும், அதனால் தோல் வாஷர் போட வேண்டும். உயரம் குறைந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் படம் ஆடும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, சாய்த்துக்கொள்ளலாம். கம்பின் அடியை ஒரு முழம் முன்னால் ஊன்றி, இரண்டு காலையும் அகட்டி, கேமராவை நெற்றியோடு அணைத்து, இடது கையால் கம்பின் தலையைத் தரையைப் பார்த்து அழுத்த வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அமுக்க வேண்டும். பளிங்குத் தரைக்கு ரப்பர் புஷ், சேற்றுக்கும் மணலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்கச்சி. கடையில் எந்த விலைக்கு வாங்கினாலும் இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மச்சானின் நடுக்கம் கம்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. அழுத்திப் பிடித்த கையில் ஆட்டமே தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுவாரம் அவர் கம்பை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்து என் மேஜையில் வைத்தார். உசிலம்பட்டியில் ஒரு வளைகாப்பில் எவனோ ஒருவன், "என்ன போட்டோக்காரரே, தடி இல்லாம நிக்க முடியலையோ? காலையிலயேவா?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"கையை மறைக்கக் கம்பு குடுத்த மாப்ள. கம்பை மறைக்க என்ன குடுப்ப?"

நியாயமான கேள்வி. ஊரில் ஒருத்தன் மட்டும் கம்பு வைத்திருந்தால் அது ஊன்றுகோல். எல்லோரும் வைத்திருந்தால் அது தொழில் சாமான். அன்றைக்கே இரண்டாவது கம்பு செய்யச் சொன்னேன். அலமாரியில் இருப்பது அதுதான், முதல் கம்பு என்று நான் சொல்லிக்கொண்டாலும்.

பிலிமும் கெமிக்கலும் விற்கிற கடை ஒன்று மாசி வீதிச் சந்தில் இருந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மதுரைப் போட்டோக்காரர்கள் பூராவும் அங்கேதான் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கம்போடு நுழைந்தேன். எல்லோரும் கம்பையே பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தார்கள். "சிமிண்டுக் கைக்கே முட்டா? கலவையில மண்ணு கூடிப்போச்சா அண்ணே?" என்றான் ஒருவன். "முப்பத்தஞ்சுலயே கோல் ஊண்டியாச்சு, அடுத்த மாசம் பல்லு கட்டிருவாப்ல" என்றார் கடைக்காரர். "நேத்து என்ன சரக்குண்ணே?" என்று இன்னொருவன். வேறொரு நாளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கம்பை ஊன்றி, "இது இல்லாம படம் எடுக்கிறவன் இன்னும் பத்து வருசத்துல ஸ்டாம்பு சைஸ் போட்டோதான் எடுத்துக்கிட்டிருப்பான். பெரிய வேலை எல்லாம் என்கிட்ட வந்திரும்" என்றேன். அளந்து விடுவதில் என்னை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது. அந்த வாய் உருப்படியாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அந்தத் தடவைதான் என்பாள் என் மனைவி.

வாயோடு விடவில்லை. தெப்பக்குளத்து மைய மண்டபத்தை விடியக் கருக்கலில் எடுத்து, கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன். தண்ணீரில் விழுந்த நிழல்கூடக் கல்லில் வெட்டிய மாதிரி நின்றது. கீழே நின்று பார்த்தவர்களிடமெல்லாம், கம்பு இல்லாமல் இது நடக்குமா என்று கேட்டேன். அதை எடுத்தது வெறும் கையில். மச்சானைத் தவிர இன்றைக்கு வரை அது யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் லேத் பட்டறைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க ஆரம்பித்தார், அம்புட்டு ஆர்டர். கேலி பேசியவர்களே கம்போடு கல்யாணத்துக்கு வந்தார்கள். சிமிண்டுக் கை என்ற பேர் மட்டும் போய்விட்டது. அதை யாரும் திரும்ப எடுத்துத் தரவில்லை.

பேரையூருக்கு நானும் மச்சானும் ஒன்றாகவே போனோம். பஸ்ஸில் இரண்டு கம்பையும் முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு எதுக்கு மாப்ள கம்பு?"

"எனக்கும் கை ஆடுது மச்சான்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். "ஆமா, ஆடுது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுபதாம் கல்யாண வீட்டு வாசலில், "என்னப்பா, ரெண்டு பேரும் கம்போட வந்திருக்கீங்க, பாகப்பிரிவினையா?" என்று பெரியப்பா கேட்டார். "மதுரையில இப்ப எல்லாரும் இதுலதான்யா எடுக்கிறாங்க" என்று அவர் வீட்டு ஆளே பதில் சொல்லிவிட்டார். மச்சான் அன்றைக்கு எடுத்த மாதிரி எப்போதும் எடுத்ததில்லை. கம்பை ஊன்றி ஊன்றி, கூட்டத்துக்குள் நாட்டியக்காரர் மாதிரி நகர்ந்தார். மாலை மாற்றுகையில் பெரியம்மாவுக்கு வெட்கம் வந்து தலை குனிந்த அந்த ஒரு நொடியைப் பிடித்தார். எனக்கே பொறாமையாக இருந்தது. பையனின் அம்மா கைம்பெண் என்பதால் மணவறைப் பக்கம் வரவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து, மச்சான் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா தானே காப்பி கொண்டுவந்தார். டம்ளர் விளிம்பு வரை நுரை. நீட்டிவிட்டார். கம்பு சுவரோரத்தில் இருக்கிறது. இருந்தாலும் காப்பிக்கு என்ன செய்ய முடியும்? சுற்றிலும் அவர்கள் வீட்டு ஆட்கள். குறுக்கே விழுந்து நான் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அதற்குள் மச்சான் கையை நீட்டாமல் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"கீழ வச்சிருங்கம்மா. எனக்குக் கை நடுங்கும். நரம்புல கோளாறு. குடிச்சு நடுங்கல."

பெரியப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும். நீங்க பந்தலுக்குள்ள வந்து சந்தனம் எடுத்தீங்கள்ல, அப்பவே பாத்தேன், கையைத் தூக்கையிலதான் ஆடுச்சு. குடிக்கிற கை மடியில கிடந்தாலும் ஆடும். சரக்கு உள்ள போனாத்தான் அடங்கும். இருபது வருசம் அதைப் பாத்துக்கிட்டுக் கிடந்தவ நான். எனக்கா தெரியாது?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சொம்பைக் கொண்டுவந்தார். டம்ளரிலிருந்த காப்பியில் பாதியை அதில் ஊற்றினார். பாதி டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

"இப்ப வாங்கிக்கங்க, சிந்தாது. ரெண்டு தடவையாக் குடிங்க, சம்பந்தி."

மச்சான் வாங்கிக்கொண்டார். டம்ளர் ஆடியது, காப்பி உள்ளேயே அலையடித்தது, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை ஊற்றும்போது மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக் காப்பி ரொம்பச் சூடு" என்றார். எவ்வளவு வேலை, எத்தனை பேச்சு, எத்தனை கம்பு. அந்த அம்மாவிடம் முதல் நாளே போய்ச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் யாருக்கு அந்தத் தைரியம் இருந்தது?

இப்போது மச்சானும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. பேரையூர் வீட்டில் மச்சான் மகள் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். போன தை மாதம் ஒரு விசேசத்துக்குப் போயிருந்தேன். "வாங்க மாமா" என்று உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நுரை தளும்பத் தளும்பக் காப்பி கொடுத்தாள். என் முன்னால் வைத்தது அரை டம்ளர். எனக்கு என்ன, என் கை எப்படிப்பட்ட கை தெரியுமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொம்போடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை எடுத்தேன், காப்பி உள்ளேயே அலையடித்தது, குடித்தேன். டம்ளரை நீட்டினேன், மீதியை ஊற்றினாள்.