தாம்பரம் ரக்பிக்கு ஒரு டேக்சா நோன்புக் கஞ்சியோடு

ஊரே இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்த மயக்கத்தில் இருக்கும்போது ரக்பி பார்க்கத் தாம்பரம் போனேன் என்று சொன்னால் ஆபீஸில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். 2007 செப்டம்பர் கடைசி ஞாயிறு என் வாழ்க்கையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய நாள். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நாலு பேராவது அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது நியூசிலாந்தில். ஒரு வருடம் வேலைக்குப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவரும் பீரோ சைஸ். ஒருத்தரை ஒருத்தர் எண்பது நிமிடம் இடித்துத் தள்ளிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் வட்டமாக முழங்காலிட்டு ஜெபம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டேன் என்று ஒரு வீரர் சொன்னார், கிளப் அதற்கேற்ப ஆளை மாற்றிக்கொண்டது. நோன்பு வைப்பவருக்குப் பயிற்சி நேரத்தை மாற்றினார்கள். ஜனங்களும் இதையெல்லாம் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடி ஆட்டினார்கள், கத்தினார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தால், என் தோழி ஃபாத்திமாவின் தம்பி ரஃபீக் கீழ்க்கட்டளை ரக்பி அணியில் கோல் உதைப்பவன்! எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு காலி மனையில், குப்பைமேட்டுப் புகைக்கு நடுவே பயிற்சி செய்கிறான். உதை கொஞ்சம் பலமாகிவிட்டால் பந்து கோரைக்குள் போய்விடும். மீட்டு வருவதற்கு அரை மணி நேரம்.

அவன் அடுத்த மாதம் கொல்கத்தா போகும் அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். அவர்களுடைய அத்தா இன்னும் சரி என்று சொல்லவில்லை. பல்லாவரத்தில் தோல் பை, பெல்ட் கடை வைத்திருப்பவர். பிள்ளையின் ஆட்டத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நான் நியூசிலாந்துக் கதையெல்லாம் சொல்லி ஒரு மாதம் அவரிடம் வாதாடினேன்.

கடைசியில், "சரிம்மா விஜி, நான் ஒரு தடவை வந்து பாக்கறேன். நோன்புக்கு ஒரு குறையும் வராம ஆடிக் காட்டட்டும். அப்புறம் கல்கத்தா பேசுவோம்" என்றார்.

ஆக, அந்த ஒரே ஆட்டத்தில் கொல்கத்தா இருந்தது.

எதிரணி தாம்பரம். அதன் கேப்டன் டேனியல் ஒரு பள்ளி ஆசிரியர். ஞாயிறு ஆராதனை முடியாமல் அவருடைய ஆட்கள் பந்தைத் தொடமாட்டார்கள், அதனால் ஆட்டம் சாயங்காலத்துக்குப் போனது. ரஃபீக்குக்காக இன்னொரு கணக்கும் போட்டார்கள். ஐந்தேகாலுக்குத் தொடங்கினால் நாற்பது நிமிட முதல் பாதி ஐந்து ஐம்பத்தைந்துக்கு முடியும். ஆறு மணிச் சுமாருக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். இடைவேளையில் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, இரண்டாம் பாதிக்கு வரலாம். கணக்கு கனகச்சிதம். டேனியலே போன் போட்டுச் சொன்னார்.

கோவிலம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டரைக்குக் கிளம்பினேன். இருநூறடிச் சாலையில் ஷேர் ஆட்டோ, கீழ்க்கட்டளைக்கு ஐந்து ரூபாய். ஃபாத்திமா வீட்டு வாசலில் ஒரு டேக்சா நிறைய நோன்புக் கஞ்சி தயாராக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாத்திரம். பல்லாவரம் ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர். தனி ஆட்டோ பேசினோம்.

டிரைவர் டேக்சாவைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னாக்கா, கல்யாணமா?"

"இல்லண்ணா, மேட்ச்."

"கிரிக்கெட்டுக்கா இம்மாம் பெரிய டேக்சா?"

"ரக்பிண்ணா."

"அது இன்னா எயவோ, எனுக்குத் தெரியாது. கஞ்சி சீட்ல ஊத்திச்சின்னா பேஜாராப் பூடும். கெட்டியா புட்சிக்கோ."

அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். கஞ்சி வாசனை வழியெல்லாம் அவரைப் படுத்தியிருக்க வேண்டும். இறங்கும்போது, "ராத்திரி திரும்பி வரச்சொ மிச்சம் இருந்தா சொல்லுக்கா, ஸ்டேசனாண்டதான் நிப்பேன்" என்றார்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் மூன்றாவது ஸ்டேஷன், டிக்கெட் நாலு ரூபாய். ஞாயிறு மதியம் என்பதால் டேக்சாவுக்கே தனி இடம் கிடைத்தது. அத்தா எதிரில் உட்கார்ந்து ரஃபீக்கின் பையிலிருந்து பந்தை எடுத்தார். விரலால் தட்டினார், தையலைத் தடவினார், மோந்து பார்த்தார்.

"இது தோலே இல்லையேடா. ரப்பர்."

"இப்பல்லாம் இப்படித்தான் அத்தா."

"இதுக்குப் போயா இவ்ளோ அடிதடி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபாத்திமா என் தொடையைக் கிள்ளினாள். ஆரம்பமே சரியில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானம், ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். கோல் கம்பங்கள் எச் வடிவத்தில் நட்ட சவுக்குக் கட்டைகள். நூற்றைம்பது பேர் இருப்பார்கள், அதில் பாதி டேனியலின் சபைப் பாடகர் குழு. கீபோர்டு, டிரம் எல்லாம் கொண்டுவந்து கீர்த்தனை மெட்டில் அணிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். அடேயப்பா, என்ன குரல்! நான் நேரே அவர்களிடம் போய் ஒன்றே ஒன்று சொன்னேன். கோல் உதைப்பவர் குறி பார்க்கும்போது மட்டும் ரசிகர்கள் மூச்சு விடக்கூடாது, நம் ஆளாக இருந்தாலும் எதிரியாக இருந்தாலும். உலகத்தின் பல ஊர்களில் இதுதான் ரக்பி மரியாதை. "ஓகே அக்கா, பின் டிராப் சைலன்ஸ்" என்று சத்தியம் செய்தார்கள்.

சிறப்பு விருந்தினர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் சபைப் பாஸ்டர். இன்னொன்றில், நோன்பாளியாயிற்றே என்று, அத்தாவை உட்கார வைத்தார்கள். ஐந்து மணிக்குப் பாஸ்டர் எழுந்து, "ரெண்டே நிமிஷம் ஜெபிப்போம்" என்றார்.

அந்த இரண்டு நிமிடத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதலில் இரு அணி வீரர்களையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தார். முப்பது பேர்! பிறகு அவர்களுடைய முழங்கால்கள், தோள்பட்டைகள். பிறகு ரெஃப்ரியின் கண்கள். மழைக்காகவும் கரண்டுக்காகவும். ஐந்து இருபதுக்கு முடியப் போகிறது என்று நான் மூச்சு விட்டபோது, குரல் தழுதழுக்க, "இன்று பசியோடும் தாகத்தோடும் நோன்பிருந்து ஆடும் எங்கள் தம்பி ரஃபீக்குக்காக விசேஷமாக..." என்று தொடங்கினார். மனிதர் உருகினார். அந்த நோன்பு குறைவில்லாமல் நிறைவேற வேண்டும் என்று உருகி உருகியே அதன் நேரக் கணக்கைத் தவிடுபொடி ஆக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேனியல் கண்ணை மூடியபடியே வாட்சைத் தடவுவதைப் பார்த்தேன். ஜெபத்தை நடுவில் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்?

விசில் ஊதும்போது ஐந்து முப்பத்து மூன்று. பாங்கு முதல் பாதியின் நடுவில் விழப்போகிறது. ரெஃப்ரியோ கறார் பேர்வழி. காயம் பட்டால் தவிர ஆட்டத்தை நிறுத்தமாட்டேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்.

ஆட்டம் ஆரம்பித்தபின் கோபம் எங்கே நிற்கும்! தாம்பரத்து ஆட்கள் சுவர் மாதிரி வந்தார்கள், எங்கள் பையன்கள் குனிந்து குனிந்து சாய்த்தார்கள். பாட்டுக் குழு ஒரு பக்கம், அத்தாவின் கடைத் தெரு நண்பர்கள் பத்துப் பேர் இன்னொரு பக்கம். ஒன்றும் புரியாமலே அவர்கள், "புடி, புடி, வுடாத!" என்று கத்தினார்கள். அத்தா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் மங்கும் நேரம், எங்களுக்குப் பெனால்டி. முப்பத்தைந்து மீட்டர், கொஞ்சம் சாய்வான கோணம். ரஃபீக் பிளாஸ்டிக் தாங்கியில் பந்தை நிறுத்தினான். உதைக்க அவனுக்கு ஒரு நிமிடம் உண்டு. நான் பாட்டுக் குழுவைத் திரும்பிப் பார்த்தேன். கீபோர்டுக்காரர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மைதானம் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

அந்த அமைதியில்தான் பாங்கு கேட்டது. எங்கோ தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து மெல்லிசாக, ஆனால் தெளிவாக. மற்ற நேரமாக இருந்தால் அந்தக் கூச்சலில் ஒருத்தர் காதிலும் விழுந்திருக்காது.

ரஃபீக் பந்தை விட்டு நிமிர்ந்தான். அவன் கையில் ஒன்றும் இல்லை. தாங்கியைக் கொண்டுவந்த பையன் வெளியே ஓடிவிட்டிருந்தான். ரஃபீக் அத்தாவைப் பார்த்தான். நேரமாகிவிட்டால் நோன்பு திறப்பதைத் தள்ளிப்போடக்கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கண்டிப்பு. அத்தா பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்துகொண்டு எழுந்தார். அவருக்கு முழங்கால் வலி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவே முடிந்தது. அவ்வளவுதான், கொல்கத்தா போச்சு.

அப்போது பாஸ்டர் டப்பாவிலிருந்து பழத்தை அள்ளினார். கீழே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். வெள்ளை அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்! ஐம்பது வயதுக்கு மேல், தொப்பை வேறு. அத்துமீறி உள்ளே வருபவரை ரெஃப்ரி தடுத்திருக்க வேண்டும். அவரோ குனிந்து தன் ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். தாம்பரத்து வீரர்கள் பதினைந்து பேரும் கையைத் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றார்கள். பாட்டுக் குழுவில் ஒரு இருமல்கூட இல்லை.

"தம்பி, புடிப்பா. என் ஜெபம் கொஞ்சம் நீண்டு போச்சு, மன்னிச்சுக்கோ" என்று மூச்சிரைக்கச் சொன்னார். அந்த நிசப்தத்தில் மைதானம் முழுக்கக் கேட்டது.

ரஃபீக் பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டான், இரண்டு மிடறு தண்ணீர் குடித்தான். "தேங்க்ஸ் சார்" என்றான். பாஸ்டர் ஓரமாக ஒதுங்கினார். ரஃபீக் நாலு அடி பின்னால் வந்து, ஓடி, உதைத்தான்.

பந்து வலது கம்பத்தில் பட்டு வெளியே போனது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டுக் குழு தங்கள் சத்தியத்தைக் காப்பாற்றி முடித்த சந்தோஷத்தில் டிரம்மை உடைக்கிற மாதிரி அடித்தது.

இடைவேளையில் அத்தாவும் ரஃபீக்கும் அவர்களுடைய நண்பர்களும் கம்பத்துக்குப் பின்னால் துண்டை விரித்துத் தொழுதார்கள். பாட்டுக் குழு தானாகவே நிறுத்திக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் ரஃபீக் மூன்று பேரை ஏமாற்றி ஓடி, கோல் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினான், ஐந்து பாயின்ட். நான் துள்ளிய துள்ளலில் ஃபாத்திமாவின் செருப்பு பிய்ந்தது. இருந்தும் தோற்றோம். தாம்பரம் இருபது, கீழ்க்கட்டளை பதினெட்டு. முடிந்ததும் ஜெயித்தவர்கள் இரண்டு வரிசையாக நின்று கை தட்டித் தோற்றவர்களை நடுவில் அனுப்பினார்கள். வரிசையின் கடைசியில் டேக்சா. முதல் தம்ளர் பாஸ்டருக்கு.

போக நினைப்பவர்களுக்கு: தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்குங்கள், மேற்கில் இறங்கினால் படியேறித் திரும்ப வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. உட்காரப் பேப்பர், கொசுவுக்கு ஏதாவது. மைதானத்தில் டீக்கடை கிடையாது. விதிகள் தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர் கத்தும்போது கத்துங்கள். கோல் உதைக்கும்போது மட்டும் வாயை மூடுங்கள். உங்கள் சபையோ சங்கமோ ஜெபம் நடத்துவதாக இருந்தால் தயவுசெய்து அரை மணி நேரம் முன்னால் தொடங்குங்கள்!

திரும்பி வந்த ரயிலைப் பற்றிச் சொல்லவில்லை. சானடோரியம் வரை அத்தா விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். ரஃபீக் காலி டேக்சாவைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஃபாத்திமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குரோம்பேட்டையில் ரயில் நின்றபோது அத்தா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கம்பத்துல பட்டுச்சே, அது உள்ள போயிருந்தா எத்தன பாயின்ட்?"

"மூணு, அங்கிள்."

"ரெண்டுலதான தோத்தோம்?"

"ஆமா அங்கிள்."

அவர் முகம் சிவந்தது. ரஃபீக்கைப் பார்த்து, "பேரீச்சம்பழம் தின்னு, தண்ணியும் குடிச்சிட்டு, பாஸ்டரை ஓட வச்சு, எதிராளியெல்லாம் கம்முனு நிக்கறான், அப்பவும் கம்பத்துல போய் அடிக்கிறியேடா! கல்கத்தாவுல இப்படி அடிச்சா நம்ம மானம் என்னாவறது?" என்றார்.

பிறகு அவன் பையிலிருந்து அந்த ரப்பர் பந்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு நேரா பள்ளிக்கரணைக்குப் போறோம். நீ உதை. கோரைக்குள்ள போற பந்தைப் பொறுக்க ஆள் நான் கூட்டிட்டு வரேன்."